மூச்சுக்கும் குரலுக்கும் மூளை செய்து வைத்திருக்கும் ஏற்பாடு

கொங்கு நாட்டில் மூச்சைப் பற்றிப் பேச்செடுத்தால் அது உடனே நுரையீரலுக்குப் போய்விடும். நூற்பாலைகளில் உழைத்த தலைமுறைக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பாக மாறுவது பழகிய துயரம். பெருந்துறையில் காசநோயாளிகளுக்கென்றே ஒரு சானடோரியம் இருந்தது என்பது அந்த ஊரின் பெயரோடு ஒட்டிய நினைவு. ஆகவே மூச்சுத் திணறுகிறது என்றால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சளியைச் சோதிக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அது தவறும் இல்லை. ஆனால் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியோடு கடந்து போய்விடும் ஒரு செய்தியை இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும்: தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை நுரையீரலுக்குக் கிடையாது. அதை விரிப்பது கீழே இருக்கும் உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும்தான். அந்தத் தசைகளோ, மூளையிலிருந்து உத்தரவு வராமல் ஒருமுறைகூட அசைவதில்லை.

இதயத்தோடு ஒப்பிட்டால் இதன் முக்கியத்துவம் புரியும். உடலிலிருந்து வெளியே எடுத்த தவளையின் இதயம் சிறிது நேரம் தானாகவே துடிக்கும், ஏனெனில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் திசு இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. உதரவிதானத்துக்கு அப்படியொரு வசதி இல்லை. கழுத்துப் பகுதியில், தண்டுவடத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்பு வேர்களிலிருந்து இறங்கி வரும் நரம்பு ஒவ்வொரு முறையும் மின் துடிப்பைக் கொண்டு வந்தால்தான் அது சுருங்கும். ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 உத்தரவுகள், உறக்கத்திலும் மயக்கத்திலும்கூட, எங்கிருந்தோ பிறந்தாக வேண்டும். அந்த இடம் எது, அங்கே தாளம் எப்படிப் பிறக்கிறது, நாம் பேசும்போதும் பாடும்போதும் அழும்போதும் அந்தத் தாளத்தை யார் வளைக்கிறார்கள் என்ற கேள்விகளுக்குத் தங்கள் வாழ்நாளைக் கொடுத்த சில ஆய்வாளர்களின் வேலையை, குறிப்பாக ஜாக் ஃபெல்ட்மன் என்ற நரம்பியல் அறிஞரின் பணி வாழ்க்கையை, இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக விளக்க முயல்கிறேன்.

மூச்சின் ஊற்று தலைக்கும் கழுத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பது பழைய அறிவு. பண்டைய மருத்துவர் காலன், விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு உயரங்களில் வெட்டிப் பார்த்து, கழுத்தின் மேற்பகுதியில் வெட்டினால் மூச்சு நின்றுவிடுவதையும், கீழே வெட்டினால் உதரவிதானம் தொடர்ந்து இயங்குவதையும் கண்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் லெகலுவா, முயல்களின் மூளையை மேலிருந்து பகுதி பகுதியாக நீக்கிக்கொண்டே வந்து, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டபோதுதான் மூச்சு நிற்கிறது என்று காட்டினார். 1931இல் ஏட்ரியன், பய்டெண்டைக் என்ற இருவர், தங்கமீனின் மூளைத்தண்டை வெளியே எடுத்து வைத்தபோதும் அதில் மூச்சின் வேகத்தை ஒத்த மின் அலைகள் எழுவதைப் பதிவு செய்தனர். உடலும் செவுளும் இல்லாத நிலையிலும் தாளம் தொடர்ந்தது என்பதால், அது மூளைத்தண்டுக்குள்ளேயே பிறக்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் மூளைத்தண்டு ஒரு பெரிய ஊர் போன்ற நெரிசல் கொண்டது; அதில் எந்த வீடு என்று சொல்ல அடுத்த 60 ஆண்டுகள் பிடித்தன.

ஃபெல்ட்மன் மருத்துவம் படித்தவர் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரு தாளம் எங்கே பிறக்கிறது என்பதை ஓர் இயற்பியலாளர் கேட்கும் விதமே வேறு. எந்தெந்தப் பகுதிகளை நீக்கினாலும் தாளம் எஞ்சுகிறது, எதை நீக்கினால் மறைகிறது என்று கணக்காகக் குறைத்துக்கொண்டே வருவதுதான் அந்த விதம். அவரும் ஜெஃப்ரி ஸ்மித் உள்ளிட்ட உடன் பணியாளர்களும் 1991இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் வந்ததுதான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1984இல், ஜப்பானிய ஆய்வாளர் சுசுவே, பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியின் மூளைத்தண்டையும் தண்டுவடத்தையும் வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் உயிரோடு வைத்திருந்தாலும் மூச்சுத் தாளம் தொடர்கிறது என்று காட்டியிருந்தார். ஃபெல்ட்மன் குழு அந்தத் திசுவை மேலிருந்து மெல்லிய சீவல்களாகச் சீவிக்கொண்டே வந்து, தாளம் கெடும் மட்டத்தைக் குறித்துக்கொண்டது; பின்னர் அந்த மட்டத்தை மட்டும் உள்ளடக்கிய ஒரு சீவலைத் தனியே வெட்டி எடுத்தது.

அந்தச் சீவலைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்; வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசல் அதன்மேல் ஓடிக்கொண்டேயிருக்கும். நியூரான்கள் என்ற நரம்பணுக்கள் தளர்ந்துவிடாமல் இருக்கக் கரைசலில் பொட்டாசியத்தைச் சிறிது கூட்டியிருப்பார்கள். சீவலின் ஓரத்தில், நாக்குத் தசைக்குப் போகும் நரம்பின் நுனி நூலிழை போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியைக் கண்ணாடிக் குழாயின் மெல்லிய வாயில் உறிஞ்சிப் பிடித்து மின் பதிவு எடுத்தால், சில நொடிகளுக்கு ஒருமுறை மின் துடிப்புகள் கொத்தாக எழுந்து அடங்குவது திரையில் தெரியும். நாக்கு நரம்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு உள்மூச்சின்போதும் நாக்கு பின்னுக்குச் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடாமல் இருக்க, மூளை நாக்குக்கும் சேர்த்தே உத்தரவு அனுப்புகிறது. நெஞ்சு இல்லை, நுரையீரல் இல்லை, காற்றும் இல்லை. ஆனால் மூச்சுக்கான உத்தரவு அந்தச் சிறு திசுவிலிருந்து தவறாமல் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது. நரம்பியலில் இதற்கு இணையான தெளிவு கொண்ட சோதனைகள் மிகக் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த இடத்துக்கு பிரீ-பெட்ஸிங்கர் தொகுதி என்று பெயர். முகுளத்தில் இடதும் வலதுமாக இரு பக்கங்களிலும், பக்கத்துக்கு ஒன்றாக அமைந்திருக்கிறது. இதற்கு அருகிலிருந்த இன்னொரு பகுதிக்கு, 1978இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வாளர் கூட்டமொன்றில், மேசையில் இருந்த ஒயின் பாட்டிலின் பெயரையே ஃபெல்ட்மன் சூட்டியிருந்தார். அந்தப் பெயரை ஒட்டியே இது பிரீ-பெட்ஸிங்கர் ஆயிற்று. உயிரோடிருக்கும் எலிகளில் இந்தத் தொகுதியின் முக்கிய நியூரான்களை நஞ்சூட்டி அழித்தபோது மூச்சு ஒழுங்கிழந்து தடுமாறியதை அவரது குழு 2001இல் வெளியிட்டது. 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், நியூரான்கள் சிறிது சிறிதாக அழியும்போது பாதிப்பு முதலில் உறக்கத்தில், அதுவும் கனவுறக்கத்தில், தலைகாட்டியது. விழித்திருக்கும்போது மூச்சுக்கு வேறு துணைகள் உண்டு. உறக்கத்தில் இந்தச் சில ஆயிரம் நியூரான்களின்மீதே பாரம் விழுகிறது.

இடம் தெரிந்தாயிற்று, தாளம் எப்படிப் பிறக்கிறது என்பது அதைவிடக் கடினமான கேள்வியாக இருந்தது. இதயத்தில் உள்ளதைப் போலவே, தானாகத் துடிக்கும் சில முதன்மை நியூரான்கள் மற்றவற்றை இழுத்துச் செல்கின்றன என்ற கருத்துத்தான் முதலில் வலுவாக இருந்தது. ஃபெல்ட்மனும் அந்தக் கருத்தோடுதான் தேடினார். அப்படித் துடிக்கும் நியூரான்கள் அந்தத் தொகுதியில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றின் துடிப்புக்குக் காரணமான சோடியம் மின்னோட்டத்தை மருந்தால் தடுத்த பிறகும் சீவலின் தாளம் நிற்கவில்லை என்று அவருடைய ஆய்வகமே 2002இல் காட்டியது. தாம் எதிர்பார்த்த விடையைத் தம் சோதனையே மறுத்தபோது, அவர் சோதனையின் பக்கம் நின்றார். அவரது பணி வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

பிறகு அவர் முன்வைத்த விளக்கத்தை நம் ஊர்க் கும்மியை வைத்துச் சொல்லலாம். வள்ளி கும்மியில் பாட்டெடுத்துக் கொடுக்க ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவர் சொல்படி வட்டம் அடியெடுத்து வைக்கிறது. அந்த ஆசிரியர் இல்லாத வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிருவர் மெல்லக் கைதட்டத் தொடங்குகிறார்கள், பக்கத்தில் நிற்பவர் சேர்ந்துகொள்கிறார், அவரைப் பார்த்து இன்னும் நால்வர், ஓர் அளவைத் தாண்டியதும் மொத்த வட்டமும் ஒரே தட்டாகத் தட்டி, களைத்து, கை தாழ்கிறது. சற்று ஓய்ந்ததும் மறுபடி யாரோ தொடங்குகிறார்கள். பிரீ-பெட்ஸிங்கர் நியூரான்களும் இப்படித்தான் ஒன்றையொன்று தூண்டிக்கொள்கின்றன. தொடக்கத்தில் எழும் சிறு சலசலப்பு போதிய அளவுக்கு வளர்ந்தால் அது முழுத் துடிப்பாகி உதரவிதானம் வரை போகும். வளராவிட்டால் உள்ளுக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படி அடங்கிப் போகும் சிறு துடிப்புகளை 2013இல் அவரது குழு பதிவு செய்தது. இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. துடிக்கும் நியூரான்களுக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு என்று வாதிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களில் அவருடன் சேர்ந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்த ஸ்மித்தும் ஒருவர்.

இந்தத் தொகுதிக்குள் வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு நியூரான்கள் இருக்கின்றன என்பதும் படிப்படியாகத் தெரியவந்தது. நாம் கவலையில் மட்டும் பெருமூச்சு விடுவதாக நினைக்கிறோம். உண்மையில் மணிக்குப் பல முறை, நாம் அறியாமலேயே, வழக்கமான மூச்சைவிட இரு மடங்கு ஆழமான ஒரு மூச்சை உடல் இழுத்துக்கொள்கிறது. சுருங்கி ஒட்டிக்கொண்ட காற்று நுண்ணறைகளை மீண்டும் விரிப்பதற்கு அது தேவை. ஃபெல்ட்மனும் ஸ்டான்ஃபோர்டின் மார்க் கிராஸ்னோவும் சேர்ந்து 2016இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, எலியில் இந்தப் பெருமூச்சுக்கென ஒரு சிறு நரம்புச் சுற்று இருப்பதையும், இரண்டு புரதத் துணுக்குகள் அதற்குச் செய்தி கொண்டு வருவதையும் காட்டியது. கிராஸ்னோவின் ஆய்வகத்தில் அப்போதிருந்த இளம் ஆய்வாளர் கெவின் யாக்கல், மற்றவர்களுடன் சேர்ந்து 2017இல் இன்னொன்றைக் கண்டார். அதே தொகுதியில் இருநூறுக்கும் குறைவான ஒரு நியூரான் குழு, மூச்சின் வேகத்தை மூளையின் விழிப்பு மையத்துக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த நியூரான்களை நீக்கியபோது எலிகள் மூச்சை இழக்கவில்லை. முகர்ந்து அலைவதைக் குறைத்து, அமைதியாக உட்கார்ந்து தம்மைத் தாமே தடவிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. மூச்சை மெதுவாக்கினால் மனம் அடங்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வருவதற்கு மூளையில் இப்படியொரு பாதையும் துணை நிற்கக்கூடும். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் இதைச் சொல்கிறேன்.

மருத்துவத்துக்கு இந்த அறிவு நேரடியாகப் பயன்படும் ஓரிடம் உண்டு. மார்ஃபின் போன்ற வலி நிவாரணிகளின் அளவு மிகும்போது உயிர் போவது பெரும்பாலும் மூச்சு நின்றுதான். அந்த மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் பிரீ-பெட்ஸிங்கர் நியூரான்களில் இருக்கின்றன.

இனிக் குரலுக்கு வருவோம். கொங்குச் சிற்றூர்களில் அண்ணமார் சாமி கதையை உடுக்கை அடித்துப் பாடுபவர்களைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். இரவு முழுக்க நீளும் பாட்டில் பாடகர் ஒரு நீண்ட அடியை ஒரே மூச்சில் பாடி முடிக்கிறார். அடி முடிகிற கணத்தில் உடுக்கை ஓசை உரத்து எழ, அந்த இடைவெளியில், தோள் சற்று உயர, வாய் வழியாக ஒரு விரைந்த மூச்சு உள்ளே போகிறது. கேட்பவர் காதில் அது விழுவதில்லை. பாட்டு எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும் அந்த மூச்சை அவர் தவிர்ப்பதில்லை, தவிர்க்கவும் முடியாது. இயல்பாக இருக்கும்போது உள்மூச்சும் வெளிமூச்சும் ஏறக்குறைய நெருங்கிய நேர அளவில் மாறி மாறி வருகின்றன. பேசவோ பாடவோ தொடங்கியதும் உள்மூச்சு நொடிக்கும் குறைவாகச் சுருங்கி, வெளிமூச்சு பல நொடிகளுக்கு நீள்கிறது. இவ்வளவு பெரிய மாற்றம் நாம் நினைக்காமலேயே நடக்கிறது.

குரல் பிறப்பது குரல்வளையில். மூச்சு இழுக்கும்போது குரல் நாண்கள் விலகி வழிவிடுகின்றன. குரல் எழுப்பும்போது அவை நெருங்கி மூடிக்கொள்ள, நுரையீரலிலிருந்து மேலெழும் காற்று அவற்றைத் தள்ளித் திறந்து அதிர வைக்கிறது. ஆண்களின் பேச்சில் நொடிக்கு நூற்றுக்குச் சற்று மேலும், பெண்களின் பேச்சில் இருநூறு அளவிலும் அந்த அதிர்வு இருக்கும். ஆக, குரலுக்கு இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்க வேண்டும்: நாண்கள் மூட வேண்டும், காற்று வெளியே தள்ளப்பட வேண்டும். நாண்கள் மூடியிருக்கும் வேளையில் உதரவிதானம் உள்ளிழுக்க முயன்றால் மூச்சு தொண்டையில் முட்டி நிற்கும். எனவே குரலை எழுப்பும் நரம்புச் சுற்றும் மூச்சை நடத்தும் நரம்புச் சுற்றும் ஒன்றையொன்று அறிந்தே இயங்கியாக வேண்டும்.

நடுமூளையில் ஒரு சிறு கால்வாயைச் சுற்றியுள்ள சாம்பல் நிறப் பகுதியை மின்சாரத்தால் தூண்டினால், பூனையும் குரங்கும் தம் இயல்பான ஓசைகளை எழுப்புகின்றன. அந்தப் பகுதி சிதைந்தால் ஊமையாகிவிடுகின்றன. குரல் எழுப்பலாம் என்ற அனுமதி அங்கிருந்து வருகிறது. அந்த அனுமதியை நாண்களின் அசைவாக மாற்றும் கடைசிப் படி எது என்பதை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஃபான் வாங்கின் குழு 2024இல் சயின்ஸ் இதழில் தெளிவுபடுத்தியது. முகுளத்தின் கீழ்ப்பகுதியில், ரெட்ரோஆம்பிகுவஸ் என்ற நியூரான் திரளில் இருக்கும் ஒரு வகை நியூரான்களைத் தூண்டியவுடன் எலியின் குரல் நாண்கள் மூடின, எலி குரலெழுப்பியது. அவற்றை முடக்கியபோது எலி குரலிழந்தது. எவ்வளவு நேரம் தூண்டினார்களோ, அதற்கேற்ப வெளிமூச்சும் ஓசையும் நீண்டன. ஆனால் எல்லையில்லாமல் நீளவில்லை. உள்மூச்சின் முறை வந்ததும், ஆய்வாளர்கள் தூண்டிக்கொண்டிருந்தபோதே, நாண்கள் திறந்து மூச்சுக்கு வழிவிட்டன.

அப்படித் திறக்க வைப்பது எது? பிரீ-பெட்ஸிங்கர் தொகுதியேதான். அங்கிருந்து இந்தக் குரல் நியூரான்களுக்கு அடக்கும் இணைப்புகள் வருகின்றன. ஒவ்வொரு உள்மூச்சின்போதும் அவை குரலை ஒரு கணம் நிறுத்தி வைக்கின்றன. அந்த அடக்கும் இணைப்புகளை நீக்கியபோது, உள்மூச்சின் வேளையிலும் நாண்கள் மூடத் தொடங்கின. குரலும் மூச்சும் தத்தம் வழியில் பிரிந்தன. குரல் மூச்சைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்ற நியதி இந்த இணைப்புகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. உடுக்கைப் பாடகர் எத்தனை உருக்கமான அடியிலும் மூச்சுக்கு இடம் விட்டே ஆக வேண்டியிருப்பதை, மனிதரிலும் இருக்கக்கூடிய இத்தகைய இணைப்புகளைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

எலியின் ஓசை நம் குரலைப் போன்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது மனிதக் காதுக்கு எட்டாத உயர் சுருதியில் எழும் சீட்டி. அதில் நாண்கள் நம்முடையவை போல் அதிர்வதில்லை. ஆனாலும் குரல்வளையை மூடுவதும் காற்றைத் தள்ளுவதும் இரண்டுக்கும் பொதுவானவை, மூளைத்தண்டின் அமைப்பும் பாலூட்டிகளில் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆகவே எலியில் கற்பதற்கு மதிப்பு உண்டு.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் தமக்கென ஆய்வகம் அமைத்த யாக்கல், இதே ஏற்பாட்டைப் பிறந்த குட்டியின் அழுகையில் தேடினார். தாயைப் பிரித்தால் எலிக்குட்டி அழும். ஒரே வெளிமூச்சுக்குள் அந்த அழுகை சில சமயம் பல துண்டுகளாக அமையும். தொட்டில் குழந்தை தேம்பும்போது ஒரு மூச்சில் இரண்டு மூன்று விம்மல்கள் வருவதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். மூச்சின் தாளத்துக்குள் இன்னொரு விரைவான தாளம் ஓடுகிறது என்றால், அதற்கும் ஒரு பிறப்பிடம் வேண்டும். முகுளத்தில் அப்படியொரு சிறு நியூரான் கூட்டத்தை அவரது குழு 2022இல் நியூரான் இதழில் அறிவித்தது. அது தானாகவே தாளமிடக்கூடியது, மூச்சுத் தொகுதியோடு இணைந்திருப்பது, அழுகையின் துண்டுகளுக்கு ஏற்ப நாண்களையும் காற்றோட்டத்தையும் சேர்த்து நடத்துவது. அழுகையை எந்தக் குட்டியும் கற்பதில்லை. பிறக்கும்போதே அந்தச் சுற்று தயாராக இருக்கிறது.

மனிதரிடம் இதற்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு. குரல்வளைத் தசைகளை இயக்கும் முகுள நியூரான்களுக்குப் மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியிலிருந்து நேரடி நரம்பிழைகள் இறங்கி வருகின்றன என்பதை 1958இல் கைப்பர்ஸ் காட்டினார். குரங்குகளில் அந்த நேரடிப் பாதை இல்லை, அல்லது மிக மெலிந்தது. பக்கவாதத்தால் புறணி பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்த சிலர், தாம் விரும்பியபடி ஒரு சொல்லையும் உச்சரிக்க முடியாத நிலையிலும், துக்கத்தில் குரலெடுத்து அழுவதையும் சிரிப்பதையும் குடும்பத்தார் கண்டு குழம்புவதுண்டு. நோயாளி பேச மறுக்கிறார் என்று நினைத்து மனம் நோக வேண்டியதில்லை: அழுகையும் சிரிப்பும் நடுமூளை வழியாக வரும் பழைய பாதையைச் சேர்ந்தவை, பேச்சு புறணியின் பாதையைச் சேர்ந்தது; ஒன்று அறுந்தாலும் மற்றொன்று இயங்கும். நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு இதை மருத்துவர்கள் எடுத்துச் சொன்னால் எவ்வளவோ வருத்தம் குறையும்.

புறணியின் அந்தப் பகுதி என்ன செய்கிறது என்பதற்கு, வலிப்பு நோய் அறுவைக்காக மூளையின்மேல் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடமிருந்து தரவு கிடைத்திருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் எட்வர்ட் சாங் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறோமோ அந்தச் சொல்லில் குரலின் சுருதி உயர்வதற்கு ஏற்ப, குரல்வளைக்கான புறணிப் பகுதியொன்றின் செயல்பாடும் உயர்ந்தது. அதே பகுதி பாடும்போதும் இயங்கியது. நாம் நீண்ட வாக்கியத்தைச் சொல்லப் போகும்போது, முதல் சொல் வெளிவருவதற்கு முன்பே, அதற்கேற்ப ஆழமாக மூச்சிழுத்துக்கொள்கிறோம். அப்படியானால் சொல்லப்போவதன் நீளத்தைப் புறணி முன்கூட்டியே மூச்சை நடத்தும் நரம்புச் சுற்றுக்குத் தெரிவித்தாக வேண்டும். வாக்கியத்தைத் திட்டமிடாத எலியைக் கொண்டு அந்தச் செய்தியின் பாதையைத் தேட முடியாது என்பதால், முகுளத்திலிருந்து மேல்நோக்கி வரும் ஃபெல்ட்மன், யாக்கல், வாங் ஆகியோரின் வேலையும், புறணியிலிருந்து கீழ்நோக்கி வரும் சாங்கின் வேலையும் சந்திக்க வேண்டிய இடம் இந்தக் கேள்விதான்.